கப்பல் அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்டு!

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஜவுளிக்கடைக்காரர். சென்ற ஆண்டு அவர் குடும்பத்தோடு சிங்கப்பூர் வரை விமானத்தில் போனார். அங்கிருந்து மூன்று இரவு உல்லாசக் கப்பலில் சுற்றிவிட்டு வந்தார்.

அவர் திரும்பி வந்ததும் பார்க்கப் போனேன். "கப்பல் எப்படி?" என்று கேட்டேன்.

கடலைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். சாப்பாட்டைப் பற்றியாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"பிடுங்கிக்கொண்டார்கள் சார்!"

"எதை?"

"எக்ஸ்டென்ஷன் பாக்சை!"

நம்மில் சிலர் ஜங்ஷன் பாக்ஸ் என்றும் சொல்கிறோமே, அந்தப் பெட்டிதான். கப்பலில் ஏறும் இடத்தில் மூட்டைகளை மிஷினுக்குள் விட்டுப் பார்த்தார்களாம். பெட்டிக்குள் பெட்டி இருப்பது தெரிந்துவிட்டது. எடுத்து வைத்துக்கொண்டு ஒரு டோக்கனைக் கொடுத்துவிட்டார்கள். "திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

அறைக்குள் போய்ப் பார்த்தால், மேஜை மேல் மட்டும் பிளக் பாயிண்டு. கட்டில் பக்கத்தில் ஒன்றும் இல்லை! வீட்டில் ஆறு பேர், போன் ஏழு. அதுகூடப் பெரிதில்லை. நண்பரின் தாயாருக்கு ஆஸ்துமா. இரவில் மூச்சு முட்டினால் மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மிஷின் வேண்டும். அதைக் கட்டில் அருகே வைக்க முடியவில்லை. மிஷினின் ஒயர் எட்டவில்லை. எழுபது வயது அம்மாள், நள்ளிரவில் எழுந்து மேஜைப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து மருந்தை இழுத்திருக்கிறார். கப்பல் ஆடுகிறது. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மறுநாள் நண்பரின் மனைவி, அறையைச் சுத்தம் செய்ய வந்த பையனிடம் சைகையில் விஷயத்தைச் சொன்னார். பத்து நிமிடத்தில் அவன் கப்பலுக்கே சொந்தமான ஒரு நீள ஒயரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்துவிட்டான்!

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்? டிக்கெட் போட்டவர் சொல்லவில்லை. பெட்டியைப் பிடுங்கினவரும் சொல்லவில்லை" என்றார் நண்பர்.

எந்தக் கப்பல், எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியம் இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிடுங்கினது சரி. காரணம் சொல்லாமல் பிடுங்கினதுதான் தவறு.

நண்பருக்கு என் மேல் கோபம். "நீங்களும் அவர்கள் பக்கமா?" என்று கேட்டார். ஆகவே அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வீட்டுக் கரண்டு வேறு!

தண்டையார்பேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருடம் கப்பலில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வடசென்னையில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இல்லை. துறைமுகம் பக்கத்தில் இருந்தால் தெருவுக்கு ஒரு கப்பல்காரர் இருப்பார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"தம்பி, வீட்டுக் கரண்டு வேறு, கப்பல் கரண்டு வேறு" என்று ஆரம்பித்தார்.

நம் வீட்டுக்கு வரும் இரண்டு ஒயர்களில் ஒன்றில்தான் கரண்டு உயிரோடு இருக்கும். அதை 'பேஸ்' என்கிறோம். மற்றொன்று 'நியூட்ரல்'. அது பூமியோடு தொடர்பு கொண்டது. ஆகவே ஒரு ஒயரை மட்டும் துண்டித்தால் போதும், கரண்டு நின்றுவிடும். நம் வீட்டு சுவிட்சுகள் இந்த ஒரு ஒயரைத்தான் துண்டிக்கின்றன.

கப்பலுக்கு ஏது பூமி? சுற்றிலும் தண்ணீர். உடம்பு முழுவதும் இரும்பு. கப்பல் தன் கரண்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பெரிய கப்பலும் ஒரு மிதக்கும் எண்ணூர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! (1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கரண்டு போனது. சாம்பல் மட்டும் நமக்கு மிஞ்சியது. அது வேறு கதை.)

பல கப்பல்களில் மின்சாரத்தை இரும்பு உடலோடு சேர்க்காமல் தனியாகவே வைத்திருப்பார்கள். ஏன்? எங்கோ ஒரு ஒயர் உரசி இரும்பைத் தொட்டது என்று வையுங்கள். வீட்டில் ஆனால் உடனே பியூஸ் போய்விடும், இருட்டாகிவிடும். மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு நாம் உட்கார்ந்துவிடலாம். நடுக்கடலில் அப்படி ஆனால்? கப்பலைத் திருப்பும் சக்கரத்துக்குக் கரண்டு வேண்டாமா? தண்ணீரை இறைக்கும் பம்புக்கு வேண்டாமா? அதனால், ஒரு பழுது வந்தாலும் கரண்டு நிற்காதபடி அமைத்திருக்கிறார்கள். பழுது வந்தால் என்ஜின் அறையில் ஒரு விளக்கு எச்சரிக்கும். ஆட்கள் போய்த் தேடிச் சரி செய்வார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. இரண்டு ஒயரிலுமே உயிர் இருக்கும்! ஆகவே கப்பல் சுவிட்சுகள் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும்.

இப்போது நம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உள்ளே வருகிறது. அது வீட்டுக்காகச் செய்தது. ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம், சிவப்பு விளக்கும் அணைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். உள்ளே மற்றொரு ஒயர் விழித்துக்கொண்டே இருக்கும்!

கொஞ்சம் விலை கூடின பெட்டிகளில் இன்னொரு சங்கதி. மின்னல் வந்தாலும், கரண்டு திடீரென்று எகிறினாலும் டி.வி. கெடாமல் காப்பாற்ற ஒரு சின்னப் பொருளை உள்ளே வைத்திருக்கிறார்கள். வீட்டில் அது காவல்காரன். கப்பலில் அதுவே சூடேறித் தீயை வைக்கலாம்.

இது பெரியவர் கட்டிவிட்ட கதை அல்ல. அமெரிக்காவின் கடலோரக் காவல் படை 2013-ல் இதைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. கப்பல் அறைகளில் ஏற்பட்ட தீயைக் காட்டி, இப்படிப்பட்ட பெட்டிகளைக் கப்பலில் உபயோகிக்காதீர்கள் என்று சொன்னது. 2024-ல் ராயல் கரீபியன் என்ற பெரிய கப்பல் கம்பெனி தன் தடையை இன்னும் இறுக்கியது. பல துளை உள்ள பிளக்குகளையே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டது.

"ஏழு போனுக்கா சார் கப்பல் தீப்பிடிக்கும்?" என்று நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஏழு செல்போன் சார்ஜரும் சேர்ந்து குடிக்கும் கரண்டு, ஓர் இஸ்திரிப் பெட்டி குடிப்பதில் கால் பங்குகூட இருக்காது. ஆனால் பெட்டியில் துளை காலியாக இருந்தால் நம் கை சும்மா இருக்குமா? இன்று போன். நாளைக்குச் சட்டை கசங்கிவிட்டது என்று இஸ்திரிப் பெட்டி. குழந்தைக்குப் பால் காய்ச்ச ஒரு கெட்டில். ஒயர் கட்டிலுக்கு அடியில் போகும். அதன் மேல் கம்பளி விழும். கப்பலில் இப்படி ஆயிரம் அறை இருக்கிறது. யார் அறையில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேப்டன் எட்டிப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்?

நடுக்கடலில் தீ

நம் பக்கத்தில் தீப்பிடித்தால் மணி அடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வரும். சந்து குறுகலாக இருந்தாலும் ஆட்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஜனங்கள் தெருவுக்கு ஓடிவிடலாம்.

கடலில் தெரு ஏது?

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பலை வயதானவர்களுக்கு நினைவு இருக்கும். 1980-களில் அந்தக் கப்பல் வங்கக் கடலில் தீப்பிடித்தது. பிரயாணிகள் பலர் மாண்டார்கள். அந்தத் தீ எப்படி வந்தது என்பது இங்கே பேச்சு அல்ல. ஓட இடம் இல்லாத இடத்தில் தீ என்றால் என்ன என்பதற்காகச் சொல்கிறேன். கப்பலில் சமையல்காரரும் தீயணைப்பு வீரர். மேஜை துடைக்கும் பையனும் தீயணைப்பு வீரர். வெளியிலிருந்து ஒருவரும் சீக்கிரம் வர முடியாது.

ரயிலிலேயே பார்த்தோமே! 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறிக் கொண்டுவந்த சமையல் கேஸ் சிலிண்டர்தான் காரணம். 'டீ போடத்தானே' என்று நினைத்திருப்பார்கள். ரயில் நின்றுகொண்டிருந்தது; கீழே தரை இருந்தது. அப்படியும் 9 உயிர்.

இரவில் ரயிலில் சார்ஜ் போட முடியவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். 2021-ல், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் பாயிண்டுகளுக்குக் கரண்டை நிறுத்த ரயில்வே முடிவு செய்தது. அதற்கும் தீதான் காரணம். எல்லாரும் தூங்கும் நேரத்தில், ஆள் பார்க்காத இடத்தில், ஒரு பழைய சார்ஜர் சூடாகிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம்.

பவர் பேங்க் விஷயமும் இப்படித்தான். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் ஒன்று தீக்கு இரையானது. மேலே சாமான் வைக்கும் இடத்தில் இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. நல்லவேளையாக எல்லாரும் பிழைத்தார்கள். பவர் பேங்க்கைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுகிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

கப்பல்காரர்களுக்கு ஒரு வார்த்தை

பிரயாணியை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் அது ஓரவஞ்சனை.

கப்பல் அறையில் ஏன் இத்தனை குறைவாகப் பிளக் பாயிண்டு? பல கப்பல்கள் பழையவை. 2022 ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்-அமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடி அசைத்து ஓர் உல்லாசக் கப்பலை அனுப்பி வைத்தார். 'எம்பிரஸ்' என்று பெயர். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை என்று பெயரைக் கேட்டதும் ராயபுரத்தில் எத்தனை பேர் கப்பலைப் பார்க்க ஆசைப்பட்டார்கள்!

அந்தக் கப்பல் 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. இந்தியாவில் முதல் செல்போன் பேச்சே 1995 ஜூலை 31-ல்தான் நடந்தது! 1990-ல் கப்பல் கட்டினவர் யாராக இருந்தாலும், முகம் மழிக்கும் மிஷினையும் தலை உலர்த்தும் மிஷினையும் நினைத்துத்தான் பாயிண்டு வைத்திருப்பார். ஒரு குடும்பம் ஏழு போனோடு வரும் என்று எந்த ஜோசியர் அவருக்குச் சொன்னார்?

அது அன்றைய நியாயம். இன்று அது செல்லாது. ஒரு கப்பலைப் புதுப்பிக்கும்போது திரைச்சீலையை மாற்றுகிறார்கள், மெத்தையை மாற்றுகிறார்கள். கட்டில் தலைமாட்டில் இரண்டு பாயிண்டு வைக்க மட்டும் மனம் வரவில்லை என்றால் எப்படி? புதிய கப்பல்கள் பலவற்றில் கட்டில் அருகே போன் ஒயரை நேராகச் செருகும் துளை வைக்கிறார்கள். முடியாத காரியம் அல்ல. பிரயாணி பெட்டியைக் கொண்டுவருவது திமிரால் அல்ல, பாயிண்டு போதாததால். பாயிண்டைக் கொடுங்கள், பெட்டி தானாக நின்றுவிடும்.

இரண்டாவது, சொல்லுங்கள். டிக்கெட்டோடு ஒரு காகிதம் கொடுத்தால் என்ன? சென்னையில் ஏறும் ஜனங்களுக்குத் தமிழில் கொடுத்தால் என்ன? எது கூடாது, ஏன் கூடாது, நோயாளிக்கு மிஷின் வேண்டுமானால் யாரிடம் கேட்க வேண்டும், இவ்வளவுதான் விஷயம். பத்து வரிக்குள் அடங்கும். கம்ப்யூட்டரில் எங்கோ முப்பதாவது பக்கத்தில் இங்கிலீஷில் போட்டுவிட்டு, 'நீ ஏன் படிக்கவில்லை?' என்று கேட்பது நியாயம் ஆகாது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய அந்த அம்மாள் எங்கே போய்ப் படிப்பார்?

போவதற்கு முன்னால்

கப்பல் ஏற நினைப்பவர்களுக்குப் பெரியவர் சொன்ன சில யோசனைகளைச் சொல்கிறேன். ஆனால் கப்பலுக்குக் கப்பல் விதி மாறும். கம்பெனியின் பட்டியலைப் படித்துவிடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

நம் மூன்று முனை பிளக் பல கப்பல்களில் நுழையாது. அமெரிக்கத் தட்டை முனையும், ஐரோப்பிய உருண்டை முனையும்தான் பெரும்பாலும் இருக்கும். தட்டை முனையில் 110 வோல்ட், உருண்டையில் 220 வோல்ட். முனை மாற்றும் சின்ன அடாப்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் '100-240' என்று இருந்தால் இரண்டிலும் வேலை செய்யும். '230' என்று மட்டும் இருந்தால் தட்டை முனைப் பக்கம் போகாதீர்கள்.

ஒயர் இல்லாமல் சுவரிலேயே செருகி, நாலு போனுக்கு நாலு துளை உள்ள சார்ஜர் கடையில் கிடைக்கிறது. அதைப் பல கப்பல்கள் அனுமதிக்கின்றன. நல்ல முத்திரை பார்த்து வாங்குங்கள். நடைபாதையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. சில கப்பல்களில் அறைக் கதவின் அட்டையைச் சுவரில் செருகினால்தான் அறைக்குள் கரண்டு வரும். அட்டையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனால் சார்ஜும் நின்றுவிடும். திரும்பி வந்து, 'போன் கெட்டுவிட்டது' என்று பதறாதீர்கள்!

நோயாளிக்கு மிஷின் வேண்டுமானால், டிக்கெட் வாங்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். கப்பலின் ஒயரைக் கப்பலின் ஆளே வந்து மாட்டுவார். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

"இதெல்லாம் பணக்காரர் கவலை, நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். அப்படி அல்ல. கப்பல் ஒரு காலத்தில் ஏழையின் வாகனமாகத்தான் இருந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலில் ஆயிரக்கணக்கானவர்கள் தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்து மேல்தட்டிலேயே படுத்துப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். என் ஜவுளிக்கடை நண்பரின் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். அவருக்குப் பிளக் பாயிண்டு கவலை இருந்திருக்காது. படுக்க நிழல் கிடைத்தால் போதும்.

இன்றும் அந்தமானுக்குப் போகும் கப்பலை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,190 கிலோ மீட்டர். மூன்று நாள் ஆகும். அதில் போகிறவர்கள் உல்லாசத்துக்கா போகிறார்கள்? கொத்தனார் போகிறார், கடை வைத்திருப்பவர் போகிறார், பிள்ளையைப் பார்க்கத் தாய் போகிறார். பங்க் வகுப்பில் அடுக்குக் கட்டில். கரை மறைந்தால் டவரும் மறைந்துவிடும்; நடுவில் பேச முடியாது என்பது உண்மைதான். ஆனால் இறங்கும் நேரத்தில் போன் உயிரோடு இருக்க வேண்டுமே! அதில்தான் பணம், அதில்தான் அடையாள அட்டை, அதில்தான் 'நான் வந்துவிட்டேன், ஜெட்டிக்கு வா' என்று சொல்லும் நம்பர். ஏழைக்கு ஒரே போன். அதை அணைய விடக் கூடாது.

ஆகவே என் கோரிக்கையில் முதல் இடம் உல்லாசக் கப்பலுக்கு அல்ல. பொது ஜனங்கள் போகும் கப்பலில், படுக்கைக்கு ஒரு பாயிண்டு வேண்டும். அது கப்பல் கரண்டுக்கு ஏற்றபடி அமைத்த பாயிண்டாக இருக்க வேண்டும். புதுக் கப்பல் வாங்கும்போது சட்டப்படி உயிர்காக்கும் மிதவையை எண்ணுகிறார்கள். அதே நோட்டில் இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் நண்பரிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "காரணம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கே ஒருத்தர் இப்படிச் சொல்லியிருந்தால் நானே கொடுத்திருப்பேனே!" என்றார்.

"அந்தப் பெட்டி இப்போது எங்கே?" என்று கேட்டேன்.

டோக்கனைக் கொடுத்துத் திரும்ப வாங்கிவந்துவிட்டாராம். கல்லாவுக்குக் கீழே காட்டினார். மின்விசிறி, பில் போடும் மிஷின், இரண்டு போன், சாமி படத்து விளக்கு, அத்தனையும் அதில்தான் மாட்டியிருந்தன. ஒரு துளையில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மேலே ஒரு கட்டுப் புடவை.

குனிந்து தொட்டுப் பார்த்தேன். சுட்டது.